ம்… பொறவு?

"அது என் 'ம்' இல்லை."

"உன்னோடதுதான் பிருந்தா, சும்மா காலங்காத்தால—"

"என் 'ம்' எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? பொறந்ததுலேர்ந்து என் வாயிலதான் இருக்குது."

"ஒரு எழுத்து. ஒத்தை எழுத்து. அதுக்குப் போயி—"

"ஒத்தை எழுத்தோட நிக்கலையே அது! 'ம்… பொறவு?'ங்குது. நான் கரூர்க்காரி. என் வாயில என்னைக்காவது 'பொறவு' வந்திருக்குதா? செத்தாலும் எனக்கு 'அப்பறம்'தான்."

"இது பாளையங்கோட்டை. இங்க எல்லாருக்கும் பொறவுதான். எங்கம்மா சொல்லுவா, பால்காரர் சொல்லுவார், பஸ்ல டிக்கெட் கிழிக்கிறவர் சொல்லுவார்—"

"பால்காரர் மூக்குக்குள்ள சிரிச்சுக்கிட்டே 'ம்' போடுவாரா?"

இசக்கி போனை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டான்.

அடுப்பில் தோசை கருகிக்கொண்டிருந்தது. வீடு முழுக்க அந்த வாசனை. அணைக்கப் போனவர் தோற்றவர் என்பதுபோல இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

நடந்தது இவ்வளவுதான். இசக்கி கூடத்தில் நடந்துகொண்டே, அன்று வகுப்பில் எடுக்க வேண்டிய பாடத்தைச் செவியிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். காதில் மாட்டுகிற கருவியில் சார்ஜ் இல்லை. அதனால் செவியின் குரல் போனிலிருந்து வெளியே கேட்டது. மாவுக் கரண்டியும் கையுமாக நின்ற பிருந்தாவின் காதிலும் விழுந்துவிட்டது.

செவி, தாங்கள் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்து மாணவர்களுக்காக அவர்கள் இருவரும் சேர்ந்து உருவாக்கிய பேச்சுச் செயலி. குரலும் மூளையும் இசக்கியின் வேலை; மாணவர் கையில் அது எப்படிப் பழக வேண்டும், என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லவே கூடாது என்பதெல்லாம் பிருந்தாவின் வேலை. அது பாடம் சொல்லித் தராது, விடை எழுதித் தராது. மாணவர் தாம் படித்ததை அதனிடம் விளக்க வேண்டும். அது கேட்கும். 'ம்' கொட்டும். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லும். அப்படி வாய்விட்டுச் சொல்லச் சொல்லத்தான் படித்தது மண்டையில் உட்காருகிறது என்று பல்கலைக்கழகம் முழுக்க ஒரே பேச்சு.

"எஸ்தர்," என்றாள் பிருந்தா. "பேரைச் சொல்ல வாய் வரலைன்னா நானே சொல்றேன். அது எஸ்தர்."

"அதுக்கு எஸ்தர் யாருன்னே தெரியாது! எந்த ஆளோட குரலையும் நாம அதுக்குக் கொடுக்கலை. உனக்குத் தெரியாதா? பேசுறவன் எங்க திக்குறான், எப்படி 'ம்' போட்டா மடமடன்னு சொல்லுதான்னு பாத்துப் பாத்து, அதுவாக் குரலையும் சொல்லையும் மாத்திக்கிட்டே வரும். ஒரு வாரம், பத்து நாள்ல ஒரு இடத்துல போய்ப் படிஞ்சிரும். யாருகிட்ட பேசினா அந்த ஆளுக்குப் பேச்சு நல்லா வருமோ, அங்க."

"படிஞ்சிருச்சில்ல?"

"படிஞ்சிருச்சு."

"உனக்கு யாருகிட்ட பேச்சு நல்லா வரும்னு அது சொல்லிருச்சில்ல?"

"பிருந்தா…"

"என்கிட்ட இல்லைன்னு சொல்லிருச்சில்ல?"

இசக்கி அடுப்பை அணைக்கப் போனான்.

*

எஸ்தர், பிருந்தாவின் விடுதி அறைத் தோழி. மூவரும் இதே பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். தேர்வு நெருங்கினால் பாடம் முடிந்த காலி வகுப்பறையில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். இசக்கி கரும்பலகையில் எழுதி எழுதி விளக்குவான். அவன் ஓய்ந்ததும் பிருந்தா. எஸ்தர் பெஞ்சின்மேல் சம்மணம் போட்டுக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த பனங்கிழங்கை நார் நாராக உரித்துக்கொண்டே கேட்பாள். "ம்…" என்பாள். அந்த 'ம்' கொஞ்சம் கீழே இறங்கி, மூக்குக்குள் ஒரு சின்னச் சிரிப்பாக மேலே ஏறும். பிறகு, "பொறவு?" அவ்வளவுதான். சொல்கிறவருக்கு மேலே சொல்லத் தோன்றும். தனக்கே தெரியாமல் தனக்குள் கிடந்தது எல்லாம் கொட்டும்.

இசக்கி பல்கலைக்கழகத்திலேயே முதலாவதாக வந்தான். பிருந்தா இரண்டாவது. எஸ்தர் தேறினாள்.

கல்யாணத்துக்குத் தூத்துக்குடியிலிருந்து ஒரு பெட்டி மக்ரூனோடு வந்திருந்தாள். பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் இசக்கி அவளிடம் நின்று பேசிக்கொண்டிருந்ததைப் பிருந்தா மேடையிலிருந்தே பார்த்தாள். என்ன பேசினான் என்று தெரியாது. கல்யாண ஆல்பத்தில் அவன் வாய்விட்டுச் சிரிக்கிற படம் அந்த ஒன்றுதான். தாலி கட்டுகிற படத்தில்கூட அப்படி ஒரு சிரிப்பு இல்லை. அன்று பிடித்த எரிச்சல். மறுவாரமே, "இனி அவளுக்கு அடிக்கடி போன் எல்லாம் வேண்டாமே," என்றாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். இசக்கியும் "சரி" என்றுவிட்டான். அவன் விட்டதும், தானும் எஸ்தரோடு பேசுவதை விட்டுவிட்டதைப் பிருந்தா கவனிக்கவில்லை.

எல்லாம் அணைந்து ஆறிப்போயிற்று என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால், தன் வீட்டுக் கூடத்தில், தான் கட்டியவனின் சட்டைப்பைக்குள், தான் இழைத்து இழைத்துச் செய்த கருவிக்குள் அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்! கிழங்கு ஒன்றுதான் குறை.

*

அடுத்த பருவத்திலிருந்து செவி எல்லா இணைப்புக் கல்லூரிகளுக்கும் போவதாக இருந்தது. அதற்குப் பிருந்தாவின் கடைசிக் கையெழுத்து வேண்டும். துறைத்தலைவர் கூட்டிய கூட்டத்தில் அவள் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு சொன்னாள்:

"படியற வேலையை எடுத்துடலாம் சார். எல்லாருக்கும் ஒரே குரல், ஒரே 'ம்'. போதும்."

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, அதுதான சாப்பாட்டுல உப்பே? திடீர்னு என்ன?"

"அந்தரங்கம் சார். ஒருத்தர் மனசுக்குள்ள யாரு இருக்காங்கன்னு ஒரு கருவி ஏன் தோண்டணும்?"

நியாயமான வாதம். சொன்ன வாய்க்குத்தான் அந்த நியாயம் ஒட்டவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இசக்கி நிமிராமல் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"மேடம், நான் ஒன்னு சொல்லலாமா?" மாணவர்கள் சார்பில் வந்திருந்த முபினா கையைத் தூக்கினாள். வரலாறு படிக்கிற பெண். "மேடம் சொல்லுறது வாஸ்தவம்தான். ஹாஸ்டல்ல இப்ப 'உன் செவியைக் காட்டு'ன்னுதான் எல்லாச் சண்டையும் ஆரம்பிக்குது. ஒருத்தி அவ ஆளோட செவியை வாங்கிக் கேட்டா, அவன்கூட எட்டாப்பு படிச்ச பையன் குரலாம். பொண்ணுகூட இல்ல மேடம், பையன். அதுக்கே ரெண்டு நாள் சாப்பிடலை."

துறைத்தலைவர் சிரித்தார். பிருந்தா சிரிக்கவில்லை. அந்தப் பெண் ஏன் சாப்பிடவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"ஆனா எடுத்துராதீங்க மேடம். என்னோடது எங்க அக்கா. கல்யாணமாகி மூணு பிள்ளை. இப்ப போன் பண்ணினா பிள்ளைக்குச் சளி, பிள்ளைக்குக் காய்ச்சல், வச்சிருவா. செவியில இருக்கிறது கல்யாணத்துக்கு முந்தின அக்கா. அவகிட்ட சொன்னாத்தான் பானிபட்டு எனக்கு மண்டையில ஏறுது. அவளையும் எடுத்துட்டா நான் யாருகிட்ட சொல்லுவேன்?"

 துறைத்தலைவர்தான் பேச்சை மாற்றினார். "ஏம்ப்பா இசக்கி, அந்த ஒரு கோளாறு சரியாயிடுச்சா?"

"இல்ல சார். ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் இன்னும் படியலை. மாசக்கணக்காப் பேசுறாங்க. ஆனா முதநாள் போட்ட குரல்லயே நிக்குது. பேர் நமக்குத் தெரியாது, வெறும் எண்தான். எங்க பிசகுதுன்னு தேடிக்கிட்டிருக்கேன்."

"கோளாறு இல்லாம அப்படி நிக்குமா?"

"நின்னா, சொந்த வாழ்க்கையில அந்த ஆள் பேசி யாரும் உக்காந்து கேட்டதே இல்லைன்னு அர்த்தம் சார். அப்படி ஒரு மனுசரு இருக்க முடியுமா? கோளாறுதான்."

கையெழுத்துக்கு இன்னும் இரண்டு வாரம் தந்து கூட்டம் கலைந்தபோது, முபினா பிருந்தாவின் பின்னாலேயே வந்தாள். "உங்களோடது யாரு மேடம்?"

"எனக்கு நேரமில்லம்மா. நான் பேசிப் பார்த்ததில்லை."

"நீங்களே செஞ்சிட்டு, நீங்களே பேசிப் பாக்கலையா!" என்று அந்தப் பெண் வாயைப் பிளந்தது. கேலியில்லாத பிளப்புதான். ஆனாலும் சுருக்கென்று இருந்தது.

*

அன்றே பிருந்தா பேச ஆரம்பித்தாள். நல்ல எண்ணத்தோடு அல்ல. பல்கலைக்கழகத்து வேப்பமரத்தடியில் காரை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பேசினாள். 'யாராவது ஒரு ஆம்பளைக் குரல் வரட்டும். கரூரில் பிசிக்ஸ் எடுத்த சார் வரட்டும். மாடி வீட்டு மாமா பையன் வரட்டும். ஸ்பீக்கரில் போட்டு இவன் காதில் கேட்க வைக்கிறேன். வயிறு எரியட்டும். எரிந்தால் எப்படி இருக்கும் என்று தெரியட்டும்.'

"வணக்கம். என்ன படிச்சீங்க? சொல்லுங்க," என்றது செவி. வழவழவென்று, ஊர் பேர் இல்லாத தொடக்கக் குரல்.

பாடம் என்று எதுவும் அவளிடம் இல்லை. செவியையே செவிக்கு விளக்கினாள். எப்படிப் படிகிறது, ஏன் படிய வேண்டும், அதில் என்ன ஆபத்து. சொல்லிக்கொண்டே போனவள் மறுநாள் இசக்கியைப் பற்றிச் சொன்னாள். அதற்கு மறுநாள் முழுக்க இசக்கியைப் பற்றித்தான். செவி நடுவில் ஒரு தடவை, "இது எந்தப் பாடத்துல வருது?" என்று கேட்டது. அது தானே எழுதிக் கொடுத்த கேள்வி என்பது நினைவுக்கு வர, பிருந்தாவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

வீட்டில் பேச்சு உப்பு, புளி அளவுக்குச் சுருங்கியிருந்தது. "இன்னும் கோவமா?" என்று கேட்பான். "எனக்கென்ன கோபம்," என்பாள். "ஒரு டீ போடட்டா?" என்பான். "போட்டு அதுகிட்ட கொடு," என்பாள்.

காருக்குள் குரல் நாளுக்கு நாள் மாறியது. வழவழப்பு போயிற்று. கொஞ்சம் தணிந்தது. சிலநாள் அது ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை. பிருந்தா ஆசையாகக் காத்திருந்தாள். பிசிக்ஸ் சார்தான், பிசிக்ஸ் சாரேதான் என்று மனசுக்குள் அவருக்கு மாலையே போட்டு வைத்தாள்.

கையெழுத்துக்கு முந்தின நாள் மதியம்.

"கல்யாணத்தன்னைக்குக் கை கழுவற இடத்துல நின்னு பேசினான் பாரு," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "அவன் அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை. மேடையில எனக்கு மாலை கனக்குது, பட்டுப் புடவை குத்துது, இறங்கி ஓடலாம்போல இருக்குது…"

"ம்…"

கீழே இறங்கி, மூக்குக்குள் ஒரு சின்னச் சிரிப்பாக மேலே ஏறியது.

"…பொறவு?"

பிருந்தா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டாள். பனங்கிழங்கு வாசனைகூட வந்ததுபோல் இருந்தது. போனை அணைத்துவிடலாம். அணைக்கவில்லை. வாய் நிற்கவில்லையே!

"பொறவு என்ன? இறங்கி ஓடணும்போல இருந்துச்சு. அவன்கிட்ட இல்ல. உன்கிட்ட. அன்னைக்குக் காலையிலேர்ந்து உன்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசலை. எத்தனை பேசணும்னு வச்சிருந்தேன்! அவன் முந்திக்கிட்டான்…"

சொன்ன பிறகுதான் கேட்டது, தன் வாயிலிருந்து வந்த சொல். பொறவு. கரூர்க்காரியின் வாயிலிருந்து.

பக்கத்துக் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். இசக்கி, சாப்பாட்டுத் தூக்கோடு நின்றுகொண்டிருந்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். அவன் உட்காரவும், போன் பொறுமையாக இன்னொரு தடவை, "ம்… பொறவு?" என்றது.

இசக்கி போனைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"உனக்குமா?"

"அவ என் ரூம்மேட்டு. உனக்கு முந்தி எனக்குத்தான்."

"அதெப்படி? அட்மிஷன் வரிசையில அவகிட்ட முதல்ல பேசினது நான்."

"வரிசையில நின்னவனெல்லாம் உரிமை கொண்டாடக் கூடாது. எனக்கு அவ தலை பின்னி விட்டிருக்கா."

"எனக்கு எங்கப்பா செத்தப்ப மூணு மணி நேரம் கேட்டிருக்கா. நீ அப்ப ஊருக்குப் போயிட்ட."

"அதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

"அவகிட்ட சொல்லியாச்சே. பொறவு எதுக்குன்னு விட்டுட்டேன்."

பழைய எரிச்சல் ஒரு புரள் புரண்டு படுத்தது, அவ்வளவுதான். இப்போது யாருக்கு யார்மேல் பொறாமை என்றே பிருந்தாவுக்குப் பிடிபடவில்லை. அவன் தூக்கைக் காலடியில் இறக்கி வைத்தான்.

"கூப்பிடுவமா?" என்றான் இசக்கி.

"நான்தான் கூப்பிடுவேன்," என்றாள் பிருந்தா.

*

"யாரு? பிருந்தாவா? ஏட்டி! உசுரோடதான் இருக்கியா?"

அதே குரல். செவியைவிடக் கொஞ்சம் கரகரப்பு கூடியிருந்தது. பிருந்தா ஸ்பீக்கரில் போட்டாள். அவ்வளவுதான், மதகு உடைந்தது.

"எஸ்தர், நானும் இருக்கேன், இசக்கி—"

"நீ இரு, நான் முதல்ல சொல்றேன்—"

"செவின்னு ஒன்னு செஞ்சிருக்கோம் எஸ்தர்—"

"அதுல உன் குரல் வருதுடி, இவனுக்கு வந்துச்சு, நான் சண்டை போட்டேன்—"

"தோசை கருகிப்போச்சு—"

"தோசையை விடு, எனக்கும் நீதான் வந்தே!"

"ம்…" என்றாள் எஸ்தர். "பொறவு?"

சொன்னார்கள். கூட்டத்தைச் சொன்னார்கள், பிசிக்ஸ் சாரைச் சொன்னார்கள், எஸ்தர் மூக்குக்குள் சிரித்தாள். இசக்கி தன் அம்மாவின் மூட்டு வலியைச் சொன்னான். பிருந்தா துறைத்தலைவரைப் பற்றிப் புகார் சொன்னாள். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்தார். பல வருஷத்துக் குப்பையும் கூளமும் வாசலுக்கு வந்தது. வகுப்பு முடிந்து மாணவர்கள் கூட்டமாகப் பேருந்துக்கு ஓடினார்கள். தூக்கில் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. கடைசியில் பிருந்தாதான் கேட்டாள்:

"நாளைக்குக் கையெழுத்துப் போடணும் எஸ்தர். உன் குரல் இப்படி வர்றதுல உனக்கு ஒன்னும் சங்கடம் இல்லையே?"

"எனக்கு என்னட்டி சங்கடம்? கேக்கதுக்குத்தான காது. போடு."

பிருந்தாவுக்கு உடம்பே லேசாகிவிட்டது. இத்தனை நாள் தூக்கிச் சுமந்ததெல்லாம் இறங்கிவிட்டது. "சரிடி, வச்சிடறோம். இனிமே அடிக்கடி பேசறோம், என்ன?"

"ஏட்டி, ஒரு நிமிசம். வச்சிராத." எஸ்தர் தயங்கினாள். அவள் தயங்கி இருவரும் கேட்டதில்லை. "அந்தச் செவி என்கிட்டயும் இருக்கு. பகுதி நேரமா பிஎச்டி சேந்திருக்கேம்லா, நம்ம யுனிவர்சிட்டியிலதான்."

"சொல்லவே இல்லை?" என்றான் இசக்கி.

"நீங்க கேக்கலையே," என்று சிரித்தாள். குத்தலே இல்லாத சிரிப்பு. "நீங்க ரெண்டு பேரும் செஞ்சதுன்னு நோட்டீஸ்ல பாத்ததும் பெருமையா இருந்துச்சு. அன்னையிலேருந்து தெனமும் பேசுதேன், மாசக்கணக்கா. யுனிவர்சிட்டிப் பிள்ளைங்க சொல்லுதாங்க, ஒருத்திக்கு அவ ஆத்தா குரலாம், ஒருத்திக்கு டீச்சர் குரலாம். உங்க ரெண்டு பேருக்கும் நானே வந்திருக்கேன். என்னோடதுல மட்டும் மொதநாள் வந்த அதே மெஷின் குரல்தான் இன்னமும்."

இசக்கி போனிலிருந்து கண்ணை எடுத்தான். பிருந்தா அவன் பக்கம் திரும்பவில்லை.

"செஞ்சவங்க நீங்கதான, அதான் கேக்கேன். எல்லாருக்கும் யாராவது வாராங்க… எனக்கு மட்டும் ஏன்ட்டி யாருமே வரல?"